பாப்பம், தம்பி

ஒரு கடிதம் எழுதித்தர மறுத்தேன். மறுத்தேன் என்று சொல்வதுகூட என்னைச் சற்று உயர்த்திச் சொல்வதுதான். நேரே "ஏலாது" என்று சொல்லவும் துணிவு வரவில்லை. "பாப்பம், தம்பி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு அந்த இலக்கத்திலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

அது 2013. மெல்பேர்னின் வடக்கே புரோட்மெடோஸில் இருக்கும் குடிவரவுத் தடுப்பு முகாமிலிருந்து கதைத்தவன் எங்கள் ஊர்ப் பொடியன். தகப்பனோடு நான் ஒரே வகுப்பில் படித்தவன். படகில் வந்தான், அகதி என்று அவுஸ்திரேலிய அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் முகாமில் இருந்தவர்களின் பேச்சில் அவன் 'ஏசியோ நெகட்டிவ்'. உளவு அமைப்பான ஏசியோ அவனைப் பாதுகாப்புக்கு ஆபத்தானவன் என்று மதிப்பிட்டிருந்தது. காரணம் சொல்லவில்லை. குடிமகனாக இருந்தால் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். அவனுக்கு அந்த வழி இல்லை.

அகதி என்பதால் இலங்கைக்கு அனுப்ப முடியாது. நெகட்டிவ் என்பதால் விசா கிடையாது. ஏசியோ வேண்டாம் என்று சொன்ன ஆளை வேறெந்த நாடு எடுக்கும்? விசா இல்லாத வெளிநாட்டவரைக் கட்டாயம் அடைத்துவைக்கும் முறை 1992 முதல் இங்கே இருக்கிறது. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு, நாடற்ற பலஸ்தீனரான அல்-கதீப்பின் வழக்கில் 2004இல் உயர் நீதிமன்றம் பதில் சொன்னது. நாடு கடத்துவது எப்போது நடக்கும் என்றே தெரியாவிட்டாலும் வைத்திருக்கலாம் என்றார்கள் 4 நீதிபதிகள். 3 பேர் மறுத்தார்கள். அந்த ஒரு வாக்கு வித்தியாசம் ஏறக்குறைய 20 ஆண்டுகள் எத்தனையோ பேரை உள்ளே வைத்திருந்தது.

நெகட்டிவ் மதிப்பீடுகளை மீளாய்வு செய்ய முன்னாள் நீதிபதி மார்கரெட் ஸ்டோனை அரசு அப்போதுதான் நியமித்திருந்தது. அவர் பரிந்துரைதான் செய்யலாம். ஆனாலும் அதுவரை ஒரு கதவும் இல்லாத இடத்தில் அது ஒரு கதவு. அவன் கேட்டதும் அதற்காகத்தான். "அண்ணை, எங்கட குடும்பத்தை இன்ன காலத்தில் இருந்து தெரியும் எண்டு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. லோயர் கேக்கிறார்." பொய் எதுவும் கேட்கவில்லை.

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று மனைவியிடம் சொன்னேன். "வன்னியில நெருப்பில்லாத வீடு எது?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

உண்மைக் காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை. எனக்கு அரசாங்க வேலை. அம்மாவுக்கு விசா போட்டிருந்தேன். ஏசியோ என்ற பெயர் இருக்கும் கோப்பில் என் கையொப்பம் கிடந்தால் நாளை என்ன வருமோ என்ற பயம். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: நான் கடவுச்சீட்டோடு விமானத்தில் வந்தவன் என்ற பெருமை. 'போட்டில வந்த ஆக்கள்' என்று நாங்கள் இழுத்துச் சொல்லும் தொனியில் என்ன இருந்தது என்று மெல்பேர்ன் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இந்த வழக்குகளை நான் விழுந்து விழுந்து படிப்பவன். 2012 ஒக்டோபரில் எம்47 வழக்கில் தீர்ப்பு வந்தபோது நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். வழக்காளி ஓர் ஈழத் தமிழர்; இயக்கத்தில் இருந்தவர். ஏசியோ மதிப்பீட்டை வைத்தே அகதியின் விசாவைத் தடுத்த விதி செல்லாது என்று 4 நீதிபதிகள் சொன்னார்கள். அந்த வெற்றிக்குப் பிறகும் அவர் உடனே வெளியே வரவில்லை என்பதையும் பொறுப்பாக விளக்கினேன். 2013 ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு, 46 பேரின் தடுப்புக்காவல் தன்னிச்சையானது என்று சொன்னது. பெரும்பாலானோர் எங்கள் ஆட்கள். அதையும் ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கினேன். வழக்கு எண்ணாக வந்தவருக்காக மேடையேறினேன். பெயர் சொல்லித் தொலைபேசி எடுத்தவனுக்கு என்னிடம் நேரம் இருக்கவில்லை.

2018இல் பிலோவிலா என்ற ஊரிலிருந்த தமிழ்க் குடும்பத்தை விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனபோது நான் முதல் ஆளாக மனுவில் ஒப்பமிட்டேன். இரண்டு பச்சைப் பிள்ளைகள், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த தகப்பன், அவர்களுக்காக எழுந்து நின்ற ஒரு வெள்ளைக்கார ஊர். அங்கே கையொப்பம் வைக்கத் துணிவு தேவையில்லை. கிறிஸ்மஸ் தீவிலும் பிறகு பேர்த்திலும் வைக்கப்பட்டிருந்த அவர்கள் 2022இல் ஊர் திரும்பியது நல்ல காரியம். அதில் என் பங்கைப் பற்றி நான் பேசாமல் இருப்பது இன்னும் நல்லது.

என் கணக்கைக் குழப்பியது 2023 நவம்பர் 8. அல்-கதீப் தீர்ப்பை உயர் நீதிமன்றம் அன்று தூக்கி எறிந்தது. நாடு கடத்தக் கூடிய உண்மையான வாய்ப்பு கண்ணுக்கெட்டிய காலத்தில் இல்லை என்றால் அடைத்துவைப்பது சட்டவிரோதம் என்றது. அந்த வழக்காளி ஒரு றோகிஞ்சா. சிறுவன் ஒருவன் மீதான பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, அதை முடித்தவர். அவருக்காக எந்த ஊரும் எழுந்து நிற்கவில்லை. நானும் நின்றிருக்க மாட்டேன். இப்போதும் அவரை என் வீட்டுக்கு அழைக்க மாட்டேன். ஆனால் நீதிமன்றம் அவர் நல்லவரா என்று பார்க்கவில்லை. எந்த அதிகாரத்தில் அடைத்துவைத்திருக்கிறாய் என்று அரசைக் கேட்டது. நான் அத்தனை காலமும் உள்ளே இருந்தவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: நீ என்ன செய்தாய், தம்பி?

அவன் வேறு யாரோ எழுதிய கடிதங்களோடு மீளாய்வில் வென்று வெளியே வந்துவிட்டான். கோயிலில் காண்பதுண்டு. "என்னண்ணை, சுகமே?" என்று கேட்பான். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை; அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

2023 தீர்ப்பால் வெளியே வந்தவர்களை நவுருவுக்கு அனுப்ப 2025 ஓகஸ்டில் அவுஸ்திரேலியா அந்த நாட்டோடு உடன்பாடு செய்தது. முதற்கட்டமாக 40 கோடி டொலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆகவே வழக்குகள் முடியப்போவதில்லை, கடிதம் கேட்டு அழைப்புகளும் வரும். என் வயதொத்த அண்ணைமாரே, அக்காமாரே, தெரிந்த ஆளென்றால் தெரியும் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்.