நிஷிகசாயில் எதிரெதிரே இரண்டு கடைகள்

டோக்கியோவின் கிழக்கே எடோகவா வட்டாரம், நிஷிகசாய். ரயில் மேம்பாலத்தின் மேல் ஓடுகிறது; அதன் அடியிலும் பக்கத்திலும் கடைகள். 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த இந்தியர்கள், ஓத்தேமாச்சி அலுவலகங்களுக்குத் தோசாய் தடத்தில் ஒரே வண்டியில் போய்விடலாம் என்பதால் இங்கே வீடு பிடித்தார்கள். துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் கிடைக்கிற இந்தத் தெருவில் எதிரெதிரே, தலையைப் பிடித்துவிடுகிற இரண்டு ஹெட் ஸ்பா கடைகள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு கடையின் காத்திருப்பு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். மனைவி உள்ளே போயிருக்கிறாள். எனக்குப் பேச வேலையில்லை. பார்க்க நிறைய இருக்கிறது.

எதிர்க்கடைக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் கோட் போட்ட ஆண்கள். பையை வாசலில் கொடுத்துவிட்டு, போட்ட உடையோடு இருட்டறையில் படுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, ஷாம்பு இல்லை. வெறும் கைதான். அரை மணி, ஒரு மணி கழித்து, முடி சற்றே கலைந்து, தெருவிளக்குக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். நன்றாக உறங்கியிருக்கிறார்கள் என்று முகமே சொல்கிறது. டிரை ஹெட் ஸ்பா என்று இதற்குப் பெயர். நடத்துவதற்கு அரசு உரிமம் தேவையில்லை. மசாஜைத் தொழிலாகச் செய்வதானால் மட்டும் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி படித்து, தேசியத் தேர்வெழுதி, உரிமம் வாங்க வேண்டும். பழைய பிடித்துவிடும் முறையான அன்மா, விரலால் அழுத்தும் ஷியாட்சு இரண்டும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. எடோ காலத்திலிருந்தே பார்வையற்றவர்களுக்குச் சோறு போட்ட தொழில் அன்மா. 17ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற குத்தூசி வைத்தியர் அவர்களுக்காகப் பள்ளியே தொடங்கினார். விரலால் அறிகிற வித்தை இந்த நாட்டில் அவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறது. ஆனால் எதிர்க்கடையில் இருப்பது யாருடைய விரல், எங்கே பழகியது என்பதை வாடிக்கையாளர்தான் கேட்டறிய வேண்டும். வாசலில் நிற்கிற யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. விலைப் பலகையைப் பார்க்கிறார்கள், உள்ளே போகிறார்கள்.

நான் இருப்பது தண்ணீர்க் கடை. கல்லாவுக்குப் பின்னால், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட சான்றிதழ்கள். 1957ஆம் ஆண்டு அழகுக்கலைஞர் சட்டத்தின் கீழ், பள்ளியில் பகல் வகுப்பென்றால் இரண்டு ஆண்டு படித்துத் தேர்வில் தேறியவர்களுக்குக் கிடைக்கிற உரிமங்கள். கடைக்கென்று சுகாதார நிலையம் தந்த சான்றும் தனியாக இருக்கிறது. கண்ணில் படுகிற உயரத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். வந்தவர்கள் அதற்குக் கீழே இருக்கிற கற்றாழைத் தொட்டியைப் படம் எடுக்கிறார்கள்.

ஒரு ஜப்பானிய மூதாட்டி வருகிறார். அடிக்கடி வருகிறவர், பெயர் சொல்லவே தேவையில்லாமல் மேலங்கியை வாங்கி மாட்டுகிறார்கள். திரை பாதிதான் மூடியிருப்பதால் உள்ளே கழுவும் கட்டில் தெரிகிறது. உடம்பு முழுக்க நீட்டிப் படுக்கிற கட்டில். கலைஞர் உடனே தண்ணீரைத் திறந்துவிடவில்லை. கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைக்கிறார், எடுக்கிறார், இன்னொரு மடிப்பு மடித்து மறுபடி வைக்கிறார். மூதாட்டி தலையசைத்த பிறகுதான் முகத்தின் மேல் மெல்லிய துணி விழுகிறது. இந்தத் துண்டு விஷயம் சின்னதாகத் தோன்றலாம். 1993இல் மைக்கேல் வெய்ன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், சலூன் தொட்டியில் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து வைத்ததால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்ட ஐந்து பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அரிதாக நடப்பதுதான். வயதானவர்கள் படுக்கிற இடத்தில் அரிதானதையும் நினைத்துப் பார்ப்பவரே நல்ல தொழிலாளி.

தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிறார். சூடு போதுமா என்று கேட்கிறார். பிறகு விரல்கள். நகம் படவில்லை, விரல் நுனியின் சதைதான் வேலை செய்கிறது. நெற்றி மயிர்க்கோட்டில் தொடங்கி, பொட்டுப் பக்கம் வட்டமிட்டு, காதுக்கு மேலே நின்று, அங்கே அழுத்திப் பிடித்து, மெல்ல விட்டு, பிடரிக்கு இறங்குகிறது. உச்சந்தலையில் தசை கிடையாது. தசைநாண் போன்ற ஒரு தகடுதான். இறுகுவது பக்கவாட்டிலும் பிடரியிலும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களுக்குப் பொட்டுத் தசை கல்லாகிவிடும். அந்தக் கைக்கு இது தெரிந்திருக்கிறது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. அரிக்கிற இடம் ஏதாவது உண்டா என்று ஒரு முறை தணிந்த குரலில் கேட்கிறார். அதன் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

கதவு திறக்கிறது. தமிழ்க் குரல்கள். ஒருத்திக்கு நாற்பது இருக்கும். மற்றவள் சின்னவள், இடுப்பைத் தொடும் பின்னல். நான் வாரப் பத்திரிகைக்குள் முகத்தை வைத்திருக்கிறேன்.

“அக்கா, ஹாட் பெப்பர் ஆப்ல எதிர்க்கடை முதல் தடவைக்குப் பாதி விலை போட்டிருக்குங்க்கா.”

“அங்க தண்ணியே இல்லைடி. நீ எண்ணெய் வச்சுட்டு வந்திருக்க.”

சின்னவள் கைபேசியை நீட்டிக் காட்டுகிறாள். வளைந்த குழாயிலிருந்து தலைமேல் அருவியாகத் தண்ணீர் கொட்டும் காணொளி. “இந்த வளையம் இங்க இருக்குங்களாக்கா?” இல்லை. இங்கே கைக்குழாய்தான். அவள் முகம் கொஞ்சம் வாடுகிறது.

வரவேற்புப் பெண் ஒரு படிவம் தருகிறாள். ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா, கழுத்துவலி உண்டா, கடைசியாக எப்போது சாயம் போட்டது, தலையில் புண் இருக்கிறதா. அக்கா பொறுமையாக மொழிபெயர்க்கிறாள். சின்னவள் தன் பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு, தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை; எழுதிக்கொள்கிறாள். ஷாம்பு ஒரு முறை கூடுதலாகப் போட வேண்டும். நீள முடிக்குத் தனிக் கட்டணம் உண்டு, உலர்த்த நேரம் ஆகும், சரியா என்று முன்கூட்டியே கேட்கிறாள். டோக்கியோவில் நீள முடிக்குக் கூடுதல் காசு வாங்குகிற சலூன்கள் நிறைய. பின்னல் போடுகிற நம் பெண்கள் பலகையில் இருக்கும் விலையை மட்டும் நம்பிப் போய், கடைசியில் கல்லா முன்னால் திகைத்து நிற்பதுண்டு. இங்கே அந்தத் தொகையைக் கணிப்பானில் அடித்து முதலிலேயே காட்டிவிட்டார்கள்.

“முடி வளருமாக்கா?”

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. நானும் பேசவில்லை. 2016இல் ஜப்பானில் 9 ஆண்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு உண்டு. 24 வாரம், தினமும் 4 நிமிடம் கருவியால் தலையைப் பிசைந்ததில் முடியின் தடிமன் கொஞ்சம் கூடியது. வளரும் வேகம் கூடவில்லை. ஒன்பதே பேர், அதுவும் தினமும். மாதத்துக்கு ஒரு தடவை வந்து படுப்பதை அதோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. இந்தக் கடையின் சுவரில் முடி வளரும் என்று எங்கேயும் எழுதவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இறுக்கம் தளர்வதும், தலை சுத்தமாவதும், ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருப்பதும் போதுமான பலன்கள்தான். அம்மாக்கள் எண்ணெய் தேய்த்துவிட்ட தலைகளுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய சுகம் இல்லை.

அவர்களுக்கு முன்பே பதிவு செய்திருந்த ஓர் இளைஞனைக் கூப்பிடுகிறார்கள். ஜப்பானியன், கழுத்தில் அலுவலக அட்டை. கண்ணாடி முன் உட்கார வைத்து, முடியை வகிர்ந்து, சிறு கேமராவைத் தலைத்தோலில் வைக்கிறார்கள். திரையில் தோல் பெரிதாகத் தெரிகிறது. கலைஞர் ஓர் இடத்தில் நிறுத்துகிறார். காதுக்குப் பின்னால் சிவந்து, செதில் தடித்து, ஓரத்தில் கசிவு. எவ்வளவு நாளாக என்று கேட்கிறார். பதில் எனக்குக் கேட்கவில்லை. மூத்த கலைஞர் ஒருவரை அழைக்கிறார். அவரும் குனிந்து பார்க்கிறார். இருவரும் சேர்ந்து தலை வணங்குகிறார்கள். இன்று தொட வேண்டாம், முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள், ஆறிய பிறகு வாருங்கள். இளைஞன் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வந்தவன், ஏமாற்றம் தெரிகிறது. மேலங்கியை எடுத்துத் தருகிறார்கள். பணம் வாங்கவில்லை. வாசல் வரை வந்து மறுபடி வணங்குகிறார்கள்.

கதவு மூடியதும், யாரும் சொல்லாமலே, மூத்தவர் நாற்காலியைத் துடைத்து, கேமராவின் முனையைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்து, அவன் முடியில் பட்ட சீப்பைத் தனியே எடுத்து வைக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் ஒரு மணி நேர வரும்படி போயிற்று. அந்த இடத்துக்குச் சின்னவளை அழைக்கிறார்கள்.

அவள் அக்காவைப் பார்க்கிறாள். “இங்கயே பண்ணிக்கறேங்க்கா.” வளையத்தைப் பற்றிப் பிறகு கேட்கவேயில்லை.

இந்த இரண்டு கடைகளில் எதிர்க்கடையை நான் குறை சொல்ல மாட்டேன். களைத்த மனிதன் அரை மணி தூங்குவதற்கு அது நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் தலையில் தண்ணீரும் ஷாம்புவும் வேற்றுக் கையும் படப்போகிறதென்றால், என் வீட்டார் யாரையும் இந்தக் கடைக்குத்தான் அனுப்புவேன். ஜப்பானிய ஹெட் ஸ்பா என்ற பலகை இப்போது பல நாடுகளில் தொங்குகிறது. உங்கள் ஊரிலும் ஒன்று வந்திருக்கலாம். உள்ளே போனதும் உங்கள் தலைத்தோலைப் பார்க்காமல், உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல், நேரே கட்டிலைக் காட்டினார்கள் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.