பாலில் தண்ணீர் கலந்தாளா என் அம்மா?

பால்காட்டில் வளர்ந்த உங்களிடம் ஒரு கேள்வி. ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே கை. ஆனாலும் எல்லா நாளும் பால் ஒரே மாதிரி இருந்ததுண்டா?

1974ஆம் ஆண்டில் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போவேன். அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் மரப்பட்டையில் மருந்து பூசினார்கள். மங்கு நிரம்பி வழிந்தது. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. ஆனால் பால் கொட்டகையில் மாதிரி எடுத்துப் பார்த்த கிராணி, அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார்:

"ஏம்மா, பால்ல தண்ணி ஊத்துனியா?"

சம்பளத்தில் பிடித்தார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அன்று இரவு அம்மா சோறு உண்ணவில்லை. "நான் அப்படிப்பட்டவளா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதில் பல ஆண்டுகள் கழித்துக் கடலிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

என் மகள் ஸ்காட்லாந்தில் கடற்பயிர்களைப் பற்றிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, தோல் வார் போன்ற காய்ந்த பாசி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்குக் கெல்ப் என்று பெயர். குளிர்ந்த கடலில் வளரும் பழுப்புப் பாசி. நம் சபாவில் செம்பூர்ணா கடலில் வளர்ப்பது சிவப்புப் பாசி. அது வேறு இனம். மகள் கொண்டுவந்த பாசியின் மேல் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது.

"உப்புத்தானே?" என்றேன்.

"நாக்குல வச்சுப் பாருங்கம்மா."

இனித்தது! அது மானிடால் என்னும் சர்க்கரைப் பொருளாம்.

"இந்த இனிப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்காதும்மா" என்று விளக்கினாள். குளிர்காலக் கடலில் உரச்சத்து அதிகம், வெயில் குறைவு. அப்போதும் இளவேனில் தொடக்கத்திலும் பாசியில் புரதமும் தாது உப்பும் மிகுந்திருக்கும். கோடையில் வெயில் நிறைய, கடலில் உரச்சத்து குறைவு. வளர்ச்சி தளரும், பாசி வெயிலைக்கொண்டு மானிடாலையும் லாமினாரின் என்னும் மாவுப்பொருளையும் செய்து சேமிக்கும். இருண்ட குளிர்காலத்தில் அந்தச் சேமிப்பைத் தின்றே பிழைக்கும். இளவேனிலில் லாமினாரின் ஏறக்குறைய இல்லாமலே போகும். 1950ஆம் ஆண்டிலேயே டபிள்யூ. ஏ. பி. பிளாக் என்ற ஆய்வாளர் இந்தப் பருவ மாற்றங்களை அளந்து வெளியிட்டிருக்கிறார். பருவம் மட்டுமல்ல, இடம், ஆழம், இலையா தண்டா என்பதைப் பொறுத்தும் சத்து மாறும்.

பாசி வளர்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. இனிப்பு ஏறட்டும் என்று கோடை முடியும்வரை காத்திருந்தால், நத்தையும் சிறு கடலுயிர்களும் இலையில் ஒட்டிப் பாழாக்கிவிடும். முன்னதாக அறுத்தால் சர்க்கரை குறையும். ஆகவே எதற்காக வளர்க்கிறோம் என்று பார்த்துத்தான் அறுக்க வேண்டும்.

"சத்து குறைந்தால் பாசியைத் திட்டுவார்களா?" என்று கேட்டேன்.

மகள் சிரித்தாள். "பாசி என்னம்மா செய்யும்? அதன் இயற்கை அது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டியின் கதையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. மருந்து பூசினால் பால்குழாயின் வாய் சீக்கிரம் அடைபடாது. பால் நெடுநேரம் ஒழுகும். மரமே தன் நீரைச் சேர்த்துக் கொடுக்கும். அளவு கூடும், ரப்பர்ச் சத்து குறையும் என்றாள்.

"தண்ணி ஊத்துனது மரம்தாம்மா. பாட்டி இல்லை."

இதைக் கேட்க அம்மா இல்லை. 1998இல் போய்விட்டாள். அவள் படத்தின் முன்னால் நின்று, நாற்பது ஆண்டுக்கு மேல் சுமந்திருந்த பதிலைச் சொன்னேன்: "நீ அப்படிப்பட்டவள் இல்லம்மா."

வாசகர்களே, மரமும் பாசியும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. அளவு குறைந்தால், காரணத்தை முதலில் தேடுங்கள். மனிதரைப் பழிப்பது கடைசியாக இருக்கட்டும்.