வெஸ்ட் மால் தெருவின் பிள்ளைகள்

பிரிஸ்டலில் குடியிருந்த காலத்தில், கிளிஃப்டன் பக்கம் நடக்கப் போனால் நான் நேரே தொங்கு பாலத்துக்குப் போகமாட்டேன். முதலில் வெஸ்ட் மால் தெருவுக்குள் திரும்புவேன். சுவரோடு சுவர் ஒட்டிய உயரமான கல் வீடுகள், எதிரே கம்பிவேலி போட்ட தோட்டம், அதற்கப்பால் இன்னொரு வீட்டு வரிசை. சுற்றுலா வந்தவர்கள் நின்று பார்க்க அங்கே எதுவும் கிடையாது. ஆனால் ஸ்டாக்ரிட்ஜ் என்ற இசைக்குழுவின் இளைஞர்கள் தொடக்க நாட்களில் ஒன்றாகத் தங்கியிருந்த தெரு அது. 1971-இல் வந்த அவர்களது முதல் இசைத்தட்டில் அந்த முகவரியே ஒரு பாட்டின் பெயர்: '32 வெஸ்ட் மால்'. குடியிருந்த வாடகை வீட்டைப் பாட்டாக்கி வைத்தவர்கள் என்பதே அவர்கள்மேல் எனக்குப் பிரியம் வரப் போதுமானதாக இருந்தது.

ஸ்டாக்ரிட்ஜ் லெமன் என்ற பெயரில் 1969-இல் தொடங்கிய குழு. ஆண்டி டேவிஸும் ஜேம்ஸ் வாரனும் மெட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். மட்டர் ஸ்லேட்டர் புல்லாங்குழல், மைக் எவான்ஸ் வயலின். கேட்டால் முதலில் பீட்டில்ஸ் ஞாபகம் வரும். அப்படியே வயலின் எழுந்து ஒரு கிராமத்து ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பிறகு 'ஸ்லார்க்' என்ற விநோத மிருகத்தின் கதையைப் பதினான்கு நிமிடம் பாடுவார்கள். வெல்ஷ் பேக் கரையில், 1869-இல் தானியக் கிடங்காகக் கட்டிய கிரானரி என்ற செங்கல் கட்டடம் அப்போது ராக் கிளப்பாக இருந்தது. அங்கே வாசித்துத்தான் வளர்ந்தார்கள். நான் பார்த்தபோது அது அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகிவிட்டிருந்தது.

பிரிஸ்டலுக்குத் தெற்கே பில்டன் என்ற ஊரில் மைக்கேல் ஈவிஸ் என்ற பால்பண்ணைக்காரர் 1970 செப்டம்பர் 19 அன்று தம் வயலில் ஒரு விழா நடத்தினார். நுழைவுக்கட்டணம் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். இன்று இரண்டு லட்சம் பேர் திரளும் கிளாஸ்டன்பரி விழாவின் பிறப்பு அதுதான். அந்த மேடையில் முதலில் வாசித்தவர்களும் முடித்துவைத்தவர்களும் ஸ்டாக்ரிட்ஜ்காரர்கள் என்பது பிரிஸ்டலுக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே குப்பைத்தொட்டி மூடியும் ரூபார்ப் தண்டும் வந்துவிடும். மேடையில் மூடிகளைத் தட்டுவார்கள். ரசிகர்கள் அந்தச் சிவந்த புளிப்புத் தண்டுகளைக் கட்டோடு கொண்டுவந்து கூடவே ஆட்டுவார்கள். கொண்டாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோமாளித்தனத்தின் நிழலில் மெட்டுகள் மறைந்துபோயின என்பது என் மனத்தாங்கல். 1974-இல் 'தி மேன் இன் தி பௌலர் ஹாட்' தொகுப்பைத் தயாரித்தவர் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். அதன் கடைசி உருப்படி 'காட் ஸ்பீட் த ப்ளௌ'. அந்த மெட்டு விரிய விரிய, சாமர்செட்டின் ஈர வயல்வெளி என் கண்முன் வந்து நிற்கும்.

அவர்களுடைய இசை அந்த மண்ணைவிட்டு நகரவே இல்லை. 'பர்ப்பிள் ஸ்பேஸ்ஷிப்ஸ் ஓவர் யாட்டன்' என்று ஒரு பாட்டு. யாட்டன் கற்பனை ஊர் அல்ல. பிரிஸ்டலின் டெம்பிள் மீட்ஸ் நிலையத்தில் வெஸ்டன் போகும் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பார்த்தேன். தேவாலயத்தின் கூம்பு பாதி உயரத்தில் வெட்டினாற்போல் நிற்கிறது. மற்றபடி வயல், வீடுகள், அமைதி. ஊதா நிற விண்கலங்களைப் பறக்கவிட இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்தது. லண்டன் இசைத்தட்டுக் கடைகளின் அலமாரிகளில் இப்படிப்பட்ட இசையை எந்தத் தட்டில் வைப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

ஆட்கள் மாறினார்கள். 1976-இல் வந்த 'மிஸ்டர் மிக்' தொகுப்பு இசைத்தட்டு நிறுவனத்தின் தலையீட்டால் உருமாறி வெளிவந்தது. அதோடு குழு கலைந்தது. டேவிஸும் வாரனும் சேர்ந்து தொடங்கிய கோர்கிஸ் என்ற குழு 1980-இல் 'எவ்ரிபடிஸ் காட் டு லேர்ன் சம்டைம்' பாட்டுக்காக உலகமெங்கும் அறியப்பட்டது. அந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதைப் பாடிய வாரனின் குரல்தான் வெஸ்ட் மால் வீட்டிலிருந்து கிளம்பிய குரல்.

பிற்பாடு மறுபடி கூடினார்கள், புதுத் தொகுப்புகளும் தந்தார்கள். 2015 டிசம்பரில் பிரிஸ்டலிலேயே கடைசிக் கச்சேரி செய்து விடைபெற்றார்கள். கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 'பௌலர் ஹாட்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். குப்பைத்தொட்டி மூடிக் கதைகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேளுங்கள்.