ஓர் ஒளியும் பல கண்களும்

மின்னலைக் கண்டு, இடியோசை கேட்கும்வரை எண்ணி, மேகத்தின் தொலைவைக் கணிக்கும் உழவர்களைக் குன்னத்துக் கரிசல் நிலங்களில் நான் கண்டிருக்கிறேன். கண்ணும் செவியும் கூடி அறிந்தாலன்றி அச்செய்தி கிடைப்பதில்லை. வானநூலார் கையாளும் முறையும் இத்தகையதே.

வடவானில் சப்தரிஷி மண்டலத்தின் திசையில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் மார்க்கேரியன் 421. அது தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரள். அதன் நடுவே மாபெருங் கருந்துளை உள்ளது. அதனருகிலிருந்து துகள்கள் ஏறக்குறைய ஒளியின் விரைவோடு தாரையாகப் பாய்கின்றன. அத்தாரை நம்மை நோக்கி அமைந்திருப்பதால் அதனைப் 'பிளேசார்' என்பர். அதன் ஒளி நிலையாக நில்லாது. சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்குள் இருமடங்காகப் பெருகும்.

அவ்வொளி நம்மை அடைய ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் மரம் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அம்மரம் தழைத்து நின்ற காலத்திலேயே, இன்று நாம் காணும் ஒளி பாதி வழிக்குமேல் கடந்திருந்தது! இத்துணைத் தொலைவு வந்த ஒளியை வரும் கணத்தில் காணத் தவறினால் மீண்டும் காண இயலாது.

பிளேசார் வானொலி அலை முதல் காமாக் கதிர் வரை எல்லா அலைகளையும் வீசுகிறது. அவற்றையெல்லாம் ஒரே கருவியால் அளத்தல் அரிது. எக்ஸ் கதிர்களைக் காற்றுமண்டலம் தடுப்பதால் துணைக்கோள்களே அவற்றை அளக்கின்றன. ஆற்றல் மிக்க காமாக் கதிர்கள் காற்றில் மோதும்போது நீலநிறச் சிற்றொளி தோன்றும். லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் நிறுவப்பட்ட 'ஹகார்' தொலைநோக்கிகள் அச்சிற்றொளியை அறிவன. 2010 பிப்ரவரியில் மார்க்கேரியன் 421 பேரொளி வீசியபோது, ஹகாரும் துணைக்கோள்களும் அதனை உடன்நோக்கின.

இவ்வாறு உடன்நோக்குவதன் பயன் யாது? ஒலி மெல்ல வருவதால் இடி பிந்துகிறது. வெற்றிடத்திலோ எல்லாக் கதிர்களும் ஒரே விரைவோடு செல்வன. ஆகவே, ஒருவகைக் கதிர் முந்திப் பெருகி மற்றொன்று பிந்திப் பெருகுமாயின், அவ்வேற்றுமை பெரும்பாலும் அவை பிறந்த இடத்திலேயே உண்டாயிருத்தல் வேண்டும். இரண்டும் உடன் பெருகினால், ஒரே துகட்கூட்டம் இரண்டையும் பிறப்பித்தது என ஊகிக்கலாம். எவராலும் அணுக இயலாத தாரையின் உள்ளமைப்பை இவ்வாறு உய்த்துணர்கின்றனர்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்தை முகில் மூடும் இரவுகள் உண்டு. அவ்விரவுகளில் வேறு நாட்டார் விழித்திருத்தல் வேண்டும். அவர்க்குப் பொழுது விடிந்தால் நாம் விழித்திருத்தல் வேண்டும். தனித்த கண் எத்துணைக் கூரியதாயினும் முழுமையைக் காணாது. ஒருவர் குறித்ததை மற்றவர் குறித்ததோடு ஒப்புநோக்கும்போதே உண்மை விளங்கும்.