உப்புக் காற்றும் அடுப்பங்கரையும்

மதரஸாவுக்கு விடுமுறை விட்டதும், காயல்பட்டினத்தில் வாழும் என் ராத்தாவைக் கண்டு வரப் புறப்பட்டேன். வழியில் தூத்துக்குடியில் இறங்கி, திரேஸ்புரம் கடற்கரையில் சிறிது நேரம் நின்றேன்.

இக்கரையின் பெயரை உலகறியச் செய்த முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். அந்நாளில் குளியாளி கல்லின் துணையோடு மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்குவார். அவருடைய கயிறு படகிலிருக்கும் மைத்துனரின் கையில் இருக்கும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தன் சகோதரியின் வாழ்வே அந்தக் கயிற்றில் இருப்பதால், அவர் கவனம் சிதறாமல் பிடிப்பாராம்.

இன்று சங்கு குளிப்போர் படகில் கம்பிரசரை வைத்து, நீண்ட குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்து மூழ்குகிறார்கள். அன்று கரையில் ஒருவர் தம் குழாயைச் சாண் சாணாக மடக்கி, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"வெடிப்பு இருக்கான்னு பாக்குறேன் ஹஜ்ரத். கீழே போன பிறகு பாக்க முடியாதுல்ல" என்றார்.

அவரிடம் விடைபெற்றுப் பேருந்தேறினேன். முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று செல்லும் அச்சாலையில் வெண்ணிறக் குவியல்களாக உப்பளங்கள் தொடர்கின்றன. இப்பகுதிக்குச் சோறு போடும் அந்த உப்பேதான் காற்றில் கலந்து வந்து இரும்பையெல்லாம் தின்கிறது. ஜன்னல் கம்பிக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் அதனிடமிருந்து தப்ப வழியில்லை.

ராத்தாவின் வீட்டை அடைந்தபோது மஃரிப் நேரம் நெருங்கியிருந்தது. தெருவிலிருந்து உள்ளே நீண்டு செல்லும் பழைய வீடு அது. அடுப்பங்கரை கடைக்கோடியில் இருக்கிறது. கொசுவுக்கு அஞ்சி அங்கே ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே ஒரு வாடை மூக்கில் ஏறியது.

"கருவாட்டு வாடைதான் தம்பி, நாலு நாளா இருக்கு" என்றவாறே ராத்தா விளக்கைப் போடக் கையை உயர்த்தினார்.

"ராத்தா, சுவிட்சைத் தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் அவர் நடுங்கிப் போனார். ரெகுலேட்டரை மூடினேன். கொல்லைக் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்து வந்தேன். வாடை முற்றிலும் அகலும் வரை முற்றத்தில் இருளிலேயே அமர்ந்திருந்தோம்.

அந்த வாடைக்கு ஒரு துயர வரலாறு உண்டு. எரிவாயுவுக்கு இயற்கையில் மணமே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், எவரும் அறியாமல் கசிந்து தேங்கிய வாயு வெடித்து, மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே, எரிவாயுவில் மணமூட்ட வேண்டுமென்ற சட்டங்கள் அங்கே பிறந்தன. இன்று நம் சிலிண்டரில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளே அந்த நாற்றத்தைத் தருகிறது. அந்தப் பிஞ்சுகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற எச்சரிக்கையைத்தான் கருவாட்டு வாடை என்று ஒதுக்கிவிடுகிறோம். போதாக்குறைக்கு, ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கும் அதற்குப் பழகிவிடும்.

வாயுவின் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கி.மீ. நீளக் குழாய்வழி 2021-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலெழும். நம் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பதோ காற்றைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது தரையோடு படர்ந்து, சிலிண்டருக்குப் பின்னும் அலமாரிக்கு அடியிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும். சுவிட்சில் எழும் சிறு பொறி அதற்கு அதிகம்.

மறுநாள் காலை சோப்பு நீரைக் குழாயில் தடவினேன். அடுப்போடு சேரும் இடத்தில், துருவேறிய கிளிப்புக்கு அடியில், குமிழிகள் வந்தன. அந்தக் குழாய் எப்போது வாங்கியது என்று கேட்டேன். "மூத்தவ கல்யாணத்துக்கு மாத்தினது தம்பி" என்றார் ராத்தா. மூத்தவளின் மகனுக்கு இப்போது ஏழு வயது!

ஐந்தாண்டுக்கு ஒரு முறை குழாயை மாற்ற வேண்டும். உள்ளே கம்பி வலையிட்ட, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிறக் குழாயே தக்கது. சிலிண்டர் நிமிர்ந்து தரையில் இருக்க, அடுப்பு அதைவிட உயரமான மேடையில் அமைய வேண்டும். சிலிண்டரின் மேற்பகுதியில் ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் இருக்கும். அவ்வெழுத்துகள் முறையே மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களைக் குறிக்கும். அந்தத் தவணை கடந்த சிலிண்டரை வாங்க வேண்டாம். கசிவு தெரிந்தால் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் அது இயங்குகிறது.

ரமலானில் நம் தாய்மார்கள் ஸஹருக்காகத் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, இரவெல்லாம் மூடிக்கிடந்த அடுப்பங்கரையில் நுழைகிறார்கள். முதலில் ஜன்னலைத் திறந்து, தரையளவு குனிந்து முகர்ந்து, வாடை இல்லையென்று உறுதி செய்தபின் விளக்கைப் போடுவது நல்லது. ரெகுலேட்டரை இரவில் மூடிவிடும் வீட்டில், குழாயில் வெடிப்பிருந்தாலும் வாயு நிறைய வழியில்லை. ராத்தாவின் வீட்டில் அது இரவும் பகலும் திறந்தே இருந்தது.

அன்றே புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கி மாட்டினோம். ஊர் திரும்பிய நான்காம் நாள் ராத்தா தொலைபேசியில் பேசினார். நலம் விசாரித்து முடித்தபின், "ராத்திரி வாசக்கதவைப் பூட்டுறப்போ அதையும் மூடிட்டுத்தான் படுக்குறேன் தம்பி" என்றார்.