டிரம் நுழையும் கதவு

சிமுலேட்டரில் சரக்கு விமானம் ஓட்டுகிறவர்களில் ஒரு கூட்டம் போயிங் 747ஐத் தேடிப் போகும். இன்னொரு கூட்டத்துக்குப் பெரிய விமான நிலையமே வேண்டாம். மலைச்சரிவில் வெட்டிய மண் ஓடுதளம், காட்டு நடுவே ஒரு ஏரி, ஆற்றோரத்தில் ஒரு மணல் திட்டு போதும். அரிசி, மருந்து, டீசல், ஜெனரேட்டர் என்று எதையாவது அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். இதற்குப் புஷ் ஃப்ளையிங் என்று பெயர். நான் இந்த இரண்டாவது கூட்டம். எங்களுக்குள் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: எந்த விமானத்தை எடுப்பது?

தேர்வுத் திரை வேகம், தூரம், சுமை என்று சில எண்களைக் காட்டும். அவற்றை மட்டும் பார்த்தால் டிபிஎம் 930 போன்ற விமானம்தான் ஜெயிக்கும். மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். டி ஹாவிலண்ட் பீவரோ, மிதவை மாட்டிவிட்டால், 180 கிலோமீட்டர் போனாலே பெரிது. வடிவமும் பழசு. ஆனால் 2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் பீவர் இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் சிமுலேட்டரின் 40ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2022 நவம்பரிலும் அதைச் சேர்த்துக்கொண்டது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டருக்கும் கூடுதல் விமானமாகக் கிடைக்கிறது. வேகமான விமானங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தவர்கள் பலர் கடைசியில் பீவரிடம் வந்து சேர்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதன் உடம்பில் ஒரு விஷயம் வேறு என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு சின்ன விமானத்துக்குப் பின்பக்கக் கதவு ஏன் அத்தனை அகலம்? என் தேடல் அந்தக் கதவில்தான் தொடங்கியது.

பதில் 205 லிட்டர். கனடாவில் அன்று வழங்கிய அளவில் 45 காலன். நம்மூர் ஆயில் கடை வாசலில் நிற்கும் இரும்பு டிரம் கிட்டத்தட்ட இதே அளவுதான். அந்த டிரம்மை ஏரிக்கரை மேடையிலிருந்து அப்படியே உருட்டி உள்ளே ஏற்ற வேண்டும் என்பதற்காகவே பீவரின் கதவு அந்த அகலத்தில் வந்தது. வலம், இடம் இரண்டு பக்கமும் கதவு உண்டு. விமானம் கரையில் எந்தப் பக்கமாக ஒட்டி நின்றாலும் சரக்கை இறக்கலாம். கனடாவின் வடக்கில் சாலை இல்லை, ஆகவே பெட்ரோலும் இல்லை. அங்கே பறக்கிற விமானம் தன் தீனியைத் தானே சுமந்துபோய் ஏரிக்கரைகளில் டிரம் டிரம்மாக இறக்கி வைத்தால்தான் அடுத்த முறை இன்னும் வடக்கே போக முடியும். புஷ் விமானத்துக்கு எரிபொருள் டிரம் பல சரக்குகளில் ஒன்றல்ல, மற்ற எல்லாச் சரக்குக்கும் வழி திறப்பது அதுதான்.

சரி, இதை யார் யோசித்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்தது. டொரன்டோவை ஒட்டிய டவுன்ஸ்வியூவில் இருந்த டி ஹாவிலண்ட் கனடா தொழிற்சாலைக்குப் போர்க்கால ஆர்டர்கள் நின்றுபோயின. நிறுவனத்தை நடத்திய ஃபில் காரட் புஷ் வேலைக்கென்றே ஒரு விமானம் செய்யலாம் என்று முனைந்தார். விற்பனைப் பொறுப்புக்கு வந்தவர் பஞ்ச் டிக்கின்ஸ். கனடாவின் பழைய புஷ் பைலட்டுகளில் பெரிய பெயர். 1928இல் மரமே முளைக்காத வடக்குப் பொட்டல் வெளியைப் பறந்து கடந்தவர். 1929இல் மெக்கன்சி ஆற்றை ஒட்டியே பறந்து ஆர்க்டிக் கரை வரை போனவர். அவரும் நிறுவனமும் வடக்கில் ஓட்டிக்கொண்டிருந்த பைலட்டுகளிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். இந்தத் தேடலில் என்னை மிகவும் தொட்டது இதுதான். சுமை தூக்குகிறவனைக் கேட்டுவிட்டு விமானம் வரைந்தார்கள்.

வந்த பதில்களில் வேகத்துக்கு முதலிடம் இல்லை. குறைந்த தூரத்தில் எழும்ப வேண்டும், இன்ஜினில் பலம் வேண்டும், சக்கரத்தைக் கழற்றி மிதவையோ பனிச்சறுக்குக் கட்டையோ மாட்ட வசதி வேண்டும், கதவு பெரிதாக வேண்டும். நாய்கள் இழுக்கும் பனிவண்டியை விட வேகமாகப் போனால் போதும் என்று அப்போது ஒரு பேச்சு இருந்ததாகச் சொல்வார்கள். இன்ஜினுக்கு முதலில் இங்கிலாந்தின் ஜிப்ஸி குயீனைத்தான் நினைத்திருந்தார்கள். பிறகு 450 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் ஜூனியரை வைத்தார்கள். அந்த மாற்றம்தான் பீவரைப் பீவராக்கியது என்பேன். 1947 ஆகஸ்ட் 16 அன்று ரஸ் பேனக் அதை முதன்முதலில் மேலே கொண்டுபோனார். 1967 வரை 1,600க்கும் மேற்பட்ட பீவர்கள் வந்தன; பாதிக்கு மேல் வாங்கியது அமெரிக்க ராணுவம். முதலில் பறந்த அந்த விமானம் இன்றும் ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பதிவெழுத்து சிஎஃப்-எஃப்எச்பி. கடைசி மூன்று எழுத்தும் அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிரெட் ஹோவர்ட் புல்லரின் பெயருக்காக வைத்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு சிமுலேட்டரில் பீவரின் காக்பிட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பொருளும் யாரோ பட்ட பாட்டுக்குப் பதிலாகத் தெரிகிறது. இன்ஜின் ஆயில் ஊற்றும் வாய் காக்பிட்டுக்கு உள்ளேயே, கருவிப் பலகைக்குக் கீழே இருக்கிறது. வேறு எந்த விமானத்தில் இப்படி? காரணம் குளிர். பீவருக்கு முந்தைய பைலட்டுகள் சாயங்காலம் இறங்கியதும் ஆயிலை வாளியில் வடித்து, தங்கும் குடிசைக்குள் எடுத்துப்போய் வைத்துக்கொள்வார்கள். விட்டுவைத்தால் விடிவதற்குள் உறைந்துவிடும். காலையில் அடுப்பில் சூடாக்கி, இன்ஜினைக் கித்தானால் மூடி அடியில் ஸ்டவ்வை எரியவிட்டு, பிறகு ஆயிலை ஊற்றிக் கிளப்புவார்கள். அப்படி வாழ்ந்தவர்களைக் கேட்டுச் செய்த விமானத்தில் வெளியே இறங்காமலே, பறக்கும்போதே கூட, ஆயில் ஊற்றலாம். எரிபொருள் டாங்கிகள் இறக்கையில் இல்லை, தரைக்குக் கீழ் வயிற்றில் இருக்கின்றன. நிரப்பும் வாய் பக்கவாட்டில், நிற்கிற ஆளுக்குக் கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. பனி படிந்த இறக்கை மேல் பெட்ரோல் கேனோடு ஏறி வழுக்கியவன் கேட்டு வாங்கிய வசதி அது.

டிக்கின்ஸ் தலைமுறைக்கு அந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்தது எது என்று இன்னும் பின்னே போனேன். 1935இல் மான்ட்ரியலில் பறந்த நூர்டின் நார்ஸ்மன் புஷ் வேலைக்கென்றே கனடாவில் வடிவமைத்த விமானம். அதைச் செய்த ராபர்ட் நூர்டின் அதற்கு முன் அமெரிக்காவில் ஃபோக்கர் யுனிவர்சலை வரைந்தவர். 1926 கடைசியில் வின்னிபெக்கில் தொடங்கிய வெஸ்டர்ன் கனடா ஏர்வேஸ் அந்த யுனிவர்சலை வைத்துக்கொண்டுதான் 1927இல் ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சில் துறைமுகத்துக்கு ஆட்களையும் துளையிடும் கருவிகளையும் பனி உருகுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்கும் முன்னே 1921. மெக்கன்சி ஆற்றோரம் எண்ணெய் கிடைத்த செய்தி வந்து, இம்பீரியல் ஆயில் நிறுவனம் இரண்டு யுங்கர்ஸ் விமானங்களை வடக்கே அனுப்பியது. ஃபோர்ட் சிம்ப்சனில் இறங்கியபோது புரொப்பெல்லர் உடைந்தது. அடுத்த புரொப்பெல்லர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஊரில் இருந்த வால்டர் ஜான்சன் என்ற தச்சரும் மெக்கானிக் பில் ஹில்லும் பனிவண்டிக்கு வைத்திருந்த ஓக் பலகைகளை எடுத்தார்கள். மூஸ் மானின் தோலைக் காய்ச்சிப் பசை செய்தார்கள். பலகைகளை அடுக்கி ஒட்டி, உடைந்ததை அளவு பார்த்துச் செதுக்கினார்கள். அப்படிச் செய்த புரொப்பெல்லரோடு ஒரு விமானம் தெற்கே பீஸ் ரிவர் வரை பத்திரமாகப் பறந்து வந்தது.

இன்னும் இரண்டு வருடம் பின்னே போனால் வழி முடிகிறது. 1919 ஜூன். போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகச் செய்த கர்டிஸ் எச்எஸ்-2எல் படகு விமானம் ஒன்றை, ஸ்டூவர்ட் கிரஹாம் ஹாலிஃபாக்ஸ் பக்கமிருந்து கியூபெக் காட்டுக்குள் உள்ள லாக்-ஆ-லா-டார்ட்யு ஏரிக்கு ஓட்டி வந்தார். காட்டுத்தீயைக் கண்காணிக்கும் வேலை. வழி சொன்னவர் அவர் மனைவி மேட்ஜ். திறந்த காக்பிட்டில் இன்ஜின் சத்தத்தை மீறிப் பேச முடியாது. இருவர் இருக்கைக்கும் நடுவே துணிக்கொடி போலக் கயிறும் கப்பியும் கட்டி, சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டார்கள். கனடாவின் புஷ் பறப்பு அந்தப் பயணத்தில்தான் தொடங்குகிறது. அது காட்டுக்கென்று பிறந்த விமானமே இல்லை, போர் விட்டுப்போனது. அங்கிருந்து நார்ஸ்மன் வரும்வரை பைலட்டுகள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்ததைக் காட்டுக்குப் பழக்கினார்கள்.

கனடாவோடு நிறுத்தியிருந்தால் டிரம் ஒன்றுதான் காரணம் என்று நினைத்திருப்பேன். ஆனால் சிமுலேட்டரில் நாங்கள் அதிகம் போகிற இடம் பப்புவா நியூ கினி, அதையும் தேடினேன். புலோலோ பள்ளத்தாக்கில் தங்கம் இருந்தது, சாலை இல்லை. கடற்கரையிலிருந்து சுமைகூலிகளோடு நடந்தால் ஒரு வாரம், பறந்தால் ஒரு மணி நேரம் கூட இல்லை. ஆற்று மணலை அள்ளித் தங்கம் பிரிக்கும் ராட்சத டிரெட்ஜர்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடற்கரை ஊரான லேயிலிருந்து விமானத்தில் கொண்டுபோனார்கள். அந்த வேலைக்கு வந்த யுங்கர்ஸ் ஜி31 விமானங்களில் கூரையில் பெரிய திறப்பு வைத்தார்கள். கிரேன் இரும்புத் துண்டை மேலிருந்து நேராக உள்ளே இறக்கும். 1932 மார்ச்சில் முதல் டிரெட்ஜர் ஓடத் தொடங்கியது. போருக்கு முன் மொத்தம் எட்டு. கனடாவில் டிரம் பக்கவாட்டுக் கதவை அகலமாக்கியது, இங்கே டிரெட்ஜர் கூரையையே திறந்துவிட்டது.

இங்கேதான் சிமுலேட்டரில் என்ன குறைகிறது என்று எனக்குப் பிடிபட்டது. அதில் சுமைக்கு எடை உண்டு, உருவம் இல்லை. திரையில் கோட்டை இழுத்தால் 150 கிலோ ஏறிவிடும். அது பஞ்சு மூட்டையா, டிரம்மா, கதவில் நுழையாத இரும்புத் தண்டா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் சூப்பர் கப் மாதிரி இரண்டு பேர் உட்காரும் விமானத்தின் பின் இருக்கையில் எதை வேண்டுமானாலும் 'ஏற்ற' முடிகிறது. நிஜத்தில் விமானத்தைத் தீர்மானித்த அளவே திரையில் காணாமல் போகிறது.

ஆகவே இப்போது நான் முதலில் சரக்கை முடிவு செய்கிறேன், பிறகு இடம், கடைசியில்தான் விமானம். மூன்று டிரம் பெட்ரோலை ஒரு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரம்மில் 205 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 148 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 165 பக்கம் வரும். மூன்றும் 495. சக்கரம் மாட்டிய பீவர் தன் எடை போகத் தாங்குவது சுமார் 950 கிலோ. பைலட், ஆயில், வயிற்று டாங்கிகள் நிறைய எரிபொருள் எல்லாம் போனால் 590 மிச்சம். மூன்று டிரம் போகும், நான்காவது போகாது. ஏரிக்கென்று மிதவை மாட்டினால் அதன் எடையையும் கழிக்க வேண்டும். எரிபொருளைக் கொஞ்சம் குறைத்து நிரப்புவேன். டிரம்களை முன் இருக்கைகளுக்குப் பின்னே ஒட்டி வைக்கிறேன். பின்னே தள்ளினால் வால் கனத்து மூக்கு தூக்கும். அதைச் சிமுலேட்டர் நன்றாகவே காட்டுகிறது. ஃப்ளாப்பைக் கைப்பம்பால் அடித்து இறக்கி, த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, மிதவை நீரின் மேல் எழும்பி வழுக்கத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும். முழுச்சுமையோடு அந்தப் பொறுமை நீளமாக இருக்கும். எதிர்க்கரை மரங்கள் பெரிதாகிக்கொண்டே வரும்.

இமயமலைக்கு இதே பீவரை எடுக்க மாட்டேன். லுக்லா ஓடுதளம் 2,845 மீட்டர் உயரத்தில் 527 மீட்டர் நீளம். அங்கே காற்று மெல்லியது, பழைய பிஸ்டன் இன்ஜின் இளைத்துப்போகும். அங்கே ட்வின் ஆட்டர் அல்லது டர்போ போர்ட்டர். 1960இல் சுவிஸ் மலையேறிகள் தௌலகிரிக்குச் சுமை கொண்டுபோக 'யெட்டி' என்று பெயரிட்ட போர்ட்டரை எடுத்துப் போய், 5,700 மீட்டர் உயரத்துப் பனியில் இறக்கினார்கள். அது பிஸ்டன் இன்ஜின் போர்ட்டர்தான். அந்தப் பயணத்திலேயே விழுந்து நொறுங்கவும் செய்தது. அதற்கு மறுவருடமே போர்ட்டர் டர்பைன் இன்ஜினோடு வந்தது. நீண்ட தூரம், நிறையப் பெட்டிகள் என்றால் செஸ்னா காரவன். வயிற்றுக்கு அடியில் சரக்குப் பெட்டி மாட்டலாம், பெட்டிகளை உள்ளேயும் அடுக்கலாம். பப்புவா நியூ கினியின் வாவ் ஓடுதளம் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சுமார் 300 அடி உயர வித்தியாசத்தில் சரிந்து கிடக்கிறது. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கித்தான் கிளம்ப முடியும். அங்கே நான் வேகத்தைப் பார்ப்பதே இல்லை, மெதுவாக வந்து நிற்கத் தெரிந்த விமானமா என்று மட்டும் பார்க்கிறேன்.

சிமுலேட்டர் செய்கிறவர்கள் மலையையும் மேகத்தையும் இத்தனை நுட்பமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். தேர்வுத் திரையில் வேகத்துக்குப் பக்கத்தில் கதவின் அகலத்தையும் உயரத்தையும் போடுவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. சரக்குப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் நீளம், அகலம், உயரம் சேர்க்கலாம். நீளக் குழாயும் மரப்பலகையும் உள்ளே நுழையாது. அவற்றை வடக்கத்திப் பைலட்டுகள் செய்தது போல மிதவைத் தண்டோடு சேர்த்து வெளியே கட்டவும், அப்படிக் கட்டினால் காற்று எப்படி இழுக்கும் என்று காட்டவும் ஒரு வழி வேண்டும். படகைக் கூட அப்படித்தான் கட்டிக்கொண்டு போவார்கள்.