ஜவ்வாது அடிவாரத்தில் துச்சாதனன்

தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் பூட்டி ஆடும் பாத்திரங்களுக்குக் கட்டை வேஷம் என்று பெயர். துரியோதனன், துச்சாதனன், கர்ணன், இரணியன் எல்லாரும் இந்த வகை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் போளூர், கலசபாக்கம், செங்கம் பக்கத்து ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் இடங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்துக் குழுவான ஜமா ஆடிக்காட்டும். கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. இந்த நாட்களில் குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் புகுந்துகொள்வதற்குக் காரணமாக இருப்பவன் பெரும்பாலும் துச்சாதனன்தான்.

அவனை உருவாக்கும் வேலை இருட்டும் முன்பே தொடங்கிவிடுகிறது. கூத்தாடி தன் முகத்துக்குத் தானே எழுதிக்கொள்கிறார். சின்னக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்து, எண்ணெயில் குழைத்த வண்ணத்தைப் பூசி, சிவப்பு முகத்தின்மேல் மீசையையும் புருவத்தையும் கறுப்பில் இழுத்து, ஓரங்களில் வெள்ளைப் புள்ளி வைக்கிறார். ஆபரணக் கட்டைகள் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கியவை. மேலே கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியிருக்கும். இலேசான மரம் என்றாலும், எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிச் சலங்கையும் பூட்டியபின் விடியும்வரை சுழன்று ஆடுவது சாதாரண உடம்புக்கு ஆகிற காரியமில்லை. ‘கிறிக்கி’ என்று சொல்லப்படும் சுழற்சி அடவு நன்றாக விழுந்தால்தான் வேஷக்காரருக்குப் பெயர்.

வருகைக்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னாலிருந்து முதலில் குரல் வரும், பிறகு சலங்கை, பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி. முகவீணையும் மத்தளமும் ஏறிக்கொண்டே போகும். பயமுறுத்தப் போகிறவன் தன் பெயரையும் பெருமையையும் பாடி முடித்துவிட்டுத்தான் முகம் காட்டுகிறான் என்பது யோசித்துப் பார்த்தால் விசித்திரம். வரப்போவது யார் என்று, கூத்தாடும் இடமான களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் திரை விலகும்போது முன்வரிசைப் பாய்கள் ஒரு முழம் பின்வாங்குகின்றன.

கூட்டத்தைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு கட்டியங்காரனுடையது. அவன் ராஜாவிடம் ‘நீ யாரப்பா’ என்று கேட்பான். தூங்கி விழுபவரைக் கிண்டலடிப்பான். களரிக்குள் தள்ளாடி வருகிறவரை ஒரு சிரிப்பிலேயே திருப்பி அனுப்புவான். அன்பளிப்பாக நோட்டு நீட்டுபவரின் பெயரைச் சொல்லி வாழ்த்துவதும் அவன் வேலைதான். அதற்காகக் கௌரவர் சபை சற்று நேரம் நின்றாலும் யாரும் குறை சொல்வதில்லை.

துகிலுரிதல் இரவில் மட்டும் இந்த விளையாட்டுத்தனம் அடங்கிவிடும். திரௌபதி வேஷம் பெரும்பாலும் ஆண்களே கட்டுவது; அப்படிப் பெண் வேஷம் கட்டும் ஒருவரைப் பற்றித்தான் பாரி இளவழகன் இயக்கிய ‘ஜமா’ என்ற படம் 2024-இல் வந்தது. ஆனாலும் அந்த இரவில் நிற்பது அம்மன்தான் என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. புடவையைத் தொடுவதற்கு முன் துச்சாதனன் கட்டியவர் வேஷத்திலிருந்து சற்று வெளியே வந்து, இது பிழைப்புக்காகச் செய்வது, தாயே பொறுத்துக்கொள் என்று மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. கற்பூரம் ஏற்றுகிறார்கள். பார்ப்பவர்களில் சிலருக்கு அருள் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் பிடித்து உட்காரவைத்துத் திருநீறு பூசுவார்கள். வேஷக்காரருக்கே ஆவேசம் ஏறிவிட்டால் பிடித்துத் தணிக்கிறவர்களும் இவர்கள்தான்.

பயமுறுத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் மேல்நாட்டு ஏற்பாடு ஒன்றை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கேளிக்கைப் பூங்கா 1973-இல் ஹாலோவீன் இரவுகளைத் தொடங்கியது. சிங்கப்பூர் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2011-இல் தன் திகில் இரவுகளைத் தொடங்கியது. அங்கே பேய் வேஷக்காரர் மூலையில் பதுங்கியிருந்து திடீரென்று பாய்வார். பார்வையாளர் அவரைத் தொடக்கூடாது, வேஷம் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று அறிவிப்பு இருக்கும். அந்நியர் கூட்டத்துக்கு அறிவிப்புப் பலகை தேவைதான். அடிவாரத்துக் கூத்தில் துச்சாதனன் கூட்டத்தின் நடுவே ஓடுகிறான், பீமன் துரத்துகிறான், பாய்கள் மிதிபடுகின்றன. அவனை யாரும் கை நீட்டித் தொடுவதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்குக்கூடத் தொடக்கூடாது என்பது தெரிந்திருக்கிறது.

பகாசுரன் வதத்தில் ஊரே களரியாகிவிடும். சோறு ஏற்றிய மாட்டு வண்டியில் பீமன் தெருத்தெருவாக வருவான். இங்கே பயத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு கோடு கிழிப்பது கஷ்டம். பிள்ளைகள் அசுரனை அழைத்துவிட்டு ஓடுவதும், ஓடிவிட்டு மறுபடி அழைப்பதுமாகப் பொழுது போகும்.

படுகளத்தன்று கோயில் வெளியில் களிமண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். மண் உருவத்தைச் சுற்றி, வேஷம் கட்டிய துரியோதனனும் பீமனும் கதாயுதத்தோடு மோதுவார்கள். தொடை பிளக்கப்பட்டதும் அங்கே வைத்திருக்கும் சிவப்பைத் தொட்டுத் தடவித் திரௌபதி தன் கூந்தலை முடிவாள். பிறகு மகனைப் பறிகொடுத்த தாய் வேஷம் வரும்; கையில் முறமும் துடைப்பமும். அவள் ஒப்பாரி வைத்துக்கொண்டே சுற்றி நிற்பவர்களை அடிப்பாள். பெரியவர்களும் கைக்குழந்தையைத் தூக்கிய பெண்களும் தள்ளுமுள்ளுப் பட்டு முன்னே வந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறார்கள். பட்ட பீடை போகும் என்பது நம்பிக்கை. வேஷக்காரர் பார்வையாளரைத் தொடுவதும், பார்வையாளர் அதற்காக வரிசை கட்டுவதும் இந்த ஓர் இடத்தில்தான்.

மாலைத் தீமிதிக்குக் கூட்டம் நகர்வதற்குள் மண் துரியோதனன் பாதி காணாமல் போயிருப்பான். வயலில் தூவவும் குதிரில் போடவும் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.